‘ம்’ என்றால் மாட்டேன்

கதை சொல்லும் பாட்டிக்கு ‘ம்’ கொட்ட வேண்டும். எழுதாத சட்டம் அது. மட்டமாகச் சொன்னால், ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்.’ வெடுக்கென்று குரலை உயர்த்தினால், ‘என்ன சொன்னாய், காதில் விழவில்லை.’ உயரத்திலிருந்து இறக்கி இழுத்தால், ‘ஓகோ, அப்படியா சேதி!’ இடைவெளி நீண்டு, சுருதி தொய்ந்துகொண்டே வந்தால், பிள்ளை தூங்கப் போகிறது. உதடு பிரியவில்லை, உயிரெழுத்து ஒன்றும் வரவில்லை. ஒற்றை மெய்யெழுத்துதான். அர்த்தம் முழுவதையும் சுமப்பது குரலின் ஏற்ற இறக்கம்.

ஹொக்கியன் மொழியிலும் இந்த ‘ம்’ உண்டு. நடுச்சுருதியில், ஏறாமல் இறங்காமல் சொல்ல வேண்டும். பொருள்: ‘மாட்டேன்.’ ‘வேணுமா, வேண்டாமா?’ என்று கேட்கும்போதும் கேள்வியின் வாலில் இதுதான் வந்து உட்காரும். நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே போய், பழக்கதோஷத்தில் எதற்கெடுத்தாலும் ‘ம், ம்’ என்று தலையாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இந்த ‘ம்’மை எழுதுவது எப்படி? ரோமன் எழுத்தில் ஓர் ‘எம்’, அதன் தலைமேல் ஒரு படுக்கைக் கோடு. அவ்வளவுதான். உயிரே இல்லாத ஓர் அசை, தலையில் தொனிக்குறியோடு நிற்கிறது. ‘இரண்டு’ என்பதற்கான சொல்லும் இப்படித்தான்: இரண்டு ‘என்’, ஒரு ‘ஜி’, மேலே கோடு. ஏறக்குறைய ‘ந்ங்’. முட்டைக்கும் அதே எழுத்து, அதே ஒலி. இந்த எழுத்துமுறையை முதன்முதலில் பார்ப்பவருக்கு, ஆங்கில எழுத்துகள் தலையில் பூவும் பொட்டும் வைத்துக்கொண்டு ஊர்வலம் போவதுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு பூவுக்கும் காரணம் இருக்கிறது. அதைவிட வியப்பு, எழுதியிருப்பதை எழுதியபடியே படித்தால் பெரும்பாலும் தப்பாகிவிடும் என்பது.

சீனத்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஃபூஜியன் மாகாணத்தை அந்த ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘ஹொக்கியன்’. சாங்சோ, சுவான்சோ, ஷியாமென் ஆகிய ஊர்களிலிருந்து கப்பலேறிய மக்கள் இந்த மொழியைத் தைவானுக்கும் மணிலாவுக்கும் மலாக்காவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோனார்கள். பெய்ஜிங்காரர் பேசும் மாண்டரின் இவர்களுக்கும், இவர்கள் பேச்சு அவருக்கும் பழகாமல் புரியாது. மலேசியத் தமிழருக்கு இந்த மொழியின் சொற்கள் புதிதல்ல. கடை முதலாளியைக் குறிக்கும் ‘தௌக்கே’, பயற்றமுளையான ‘தௌகே’, ‘மீ’, ‘அங்பாவ்’ எல்லாம் ஹொக்கியன் கொடைதான். அந்தத் தௌக்கேயிடமும் தௌகேயிடமும் பிறகு வருகிறேன்.

முதலில் ‘கௌ’. இந்த ஓர் அசையை எடுத்துக்கொள்வோம். உச்சியில் மட்டமாகச் சொன்னால் வாய்க்கால். உச்சியிலிருந்து சடாரென்று இறக்கினால் நாய், ஒன்பதும் அதுவே. அடியில் தாழ்த்திச் சொன்னால் ‘வந்து சேர்’. கீழிருந்து மேலே ஏற்றினால் குரங்கு. நடுவில் மட்டமாக நிறுத்தினால் தடிமன். தமிழ் எழுத்தில் எழுதும்போது இவை எல்லாவற்றையும் ‘கௌ’ என்ற ஒரே கூண்டில்தான் அடைக்க முடிகிறது. நாயும் குரங்கும் ஒரே கூண்டில் இருப்பது நல்லதல்ல. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் நானே குறுக்கே நின்று எது எது என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

சங்கீதம் தெரியாதவர்கள் இங்கே பயந்துவிடுவது வழக்கம். பயப்படத் தேவையில்லை. பாட்டில் சுருதி சேராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். தொனி மொழியில் அப்படி ஒரு நிலையான சுருதி இல்லை. ஆண் குரல் வினாடிக்குச் சுமார் 120 முறை அதிர்கிறது, பெண் குரல் 200 முறை. குழந்தையின் குரல் இன்னும் மேலே. மூவரும் ‘குரங்கு’ என்று சொன்னால் மூன்றும் வெவ்வேறு சுரங்கள். கேட்கும் காது, பேசுபவரின் குரல் எல்லையை நொடியில் எடைபோட்டு, அந்த எல்லைக்குள் மேலா, கீழா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறது. குரல்வளையில் உள்ள ஒரு சிறு தசை சுருங்கினால் முன்பக்கக் குருத்தெலும்பு சாய்கிறது, குரல் நாண்கள் இழுபட்டு விறைக்கின்றன, சுருதி ஏறுகிறது. வீணையின் தந்தியை முறுக்குவது போலத்தான். 1930-இல் யூன் ரென் சாவ் என்ற சீன மொழியியலாளர் இந்தக் குரல் எல்லையை ஐந்து படிகளாகப் பிரித்து, எந்தத் தொனி எந்தப் படியில் தொடங்கி எதில் முடிகிறது என்று எண்ணால் குறிக்கும் வழியைச் சொன்னார். இன்றும் மொழியியலார் கையில் இருக்கும் அளவுகோல் அதுதான்.

இந்த ரோமன் எழுத்துமுறைக்கு ‘பெஃ-உவே-ஜி’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வெள்ளை, பேச்சு, எழுத்து. அதாவது வெள்ளந்தியான பேச்சுமொழியின் எழுத்து. இதில் தொனிக்குறிகள் ஐந்து. வலப்பக்கம் உயரும் சாய்கோடு, வலப்பக்கம் தாழும் சாய்கோடு, கூரை, படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு. குறியே இல்லாமல் விடுவதும் ஒரு குறிதான். மாண்டரினின் பின்யின் எழுத்தைப் படித்தவர்கள் இங்கேதான் வசமாக மாட்டிக்கொள்வார்கள். பின்யினில் கோடு உயர்ந்தால் குரலும் உயரும். கோடு தாழ்ந்தால் குரலும் தாழும். குறி ஒரு படம். ஹொக்கியனில் அப்படி இல்லை. நாயின் தலையில் இருப்பது உயரும் கோடு. குரலோ உச்சியிலிருந்து விழுகிறது. குரங்கின் தலையில் கூரை. குரல் ஏறுகிறது, கூரைபோல மறுபக்கம் இறங்குவதில்லை. இங்கே குறி படம் அல்ல, பெயர். ‘ழ’ என்ற வடிவத்தில் நாக்கு மடிந்திருக்கிறதா என்று நாம் தேடுவதில்லையே, அதைப்போல.

தொனிகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ணுவார்கள். இருப்பதோ ஏழுதான். ஆறாவது எப்போதோ வேறு தொனியில் கலந்துவிட்டது. ஆனால் அதன் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. தைவானில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விலங்குகளை வரிசையாக நிறுத்துவார்கள்: சிங்கம், புலி, சிறுத்தை, ஆமை, குரங்கு, நாய், யானை, மான். ஆறாம் இடத்தில் நிற்கும் நாய்க்கும் இரண்டாம் இடத்தில் நிற்கும் புலிக்கும் தொனி ஒன்றே. காலி நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்து வரிசையைச் சமாளிக்கிறார்கள்.

எட்டு என்ற கணக்கு ஏன் வந்தது என்பது இந்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. பழஞ்சீனத்தில் நான்கு தொனிப் பிரிவுகள் இருந்தன. அப்போது அதிர்வற்ற ககரமும் அதிர்வுள்ள ககரமும் வேறு வேறு ஒலிகளாகச் சொற்களைப் பிரித்துக்காட்டின. கல்லில் வரும் ககரம் ஒன்று, தங்கத்தில் வரும் ககரம் மற்றொன்று. அதிர்வுள்ள மெய்யை ஒலித்தால், அதை அடுத்து வரும் உயிரின் சுருதி இயல்பாகவே இம்மியளவு தாழும். எந்த மொழிக்காரர் பேசினாலும் கருவிகள் இதைக் காட்டும். யாரும் கவனிக்காத இந்த இம்மி, சீனத்தில் காலப்போக்கில் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மெய்களுக்கு இடையே இருந்த வேறுபாடு தேய்ந்து மறைந்தது. சுருதி வேறுபாடு மட்டும் மிஞ்சியது. நான்கு எட்டாயின. குரங்கும் தடிமனும் ஒருகாலத்தில் தங்கத்தின் ககரத்தோடு தொடங்கிய சொற்கள் என்றும், நாயும் வாய்க்காலும் கல்லின் ககரத்தோடு தொடங்கியவை என்றும் வரலாற்று மொழியியலார் மீட்டமைத்துக் காட்டுகிறார்கள். மெய் செத்துப் பல நூற்றாண்டு ஆன பிறகும் அதன் நிழல் உயிரின்மேல் விழுந்துகொண்டிருக்கிறது.

இதே நாடகம் நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. பஞ்சாபியில் குதிரைக்கான சொல் முன்பு கனத்த மூச்சோடு கூடிய ககரத்தில் தொடங்கியது, இன்றும் இந்தியில் இருப்பதுபோல. பஞ்சாபியர் வாயில் அந்த மெய் சாதாரணக் ககரமாகிவிட்டது. பதிலுக்கு அடுத்த உயிர் தாழ்ந்த தொனியை வாங்கிக்கொண்டது. குர்முகி எழுத்தோ இன்னும் பழைய மெய்யையே எழுதுகிறது. பஞ்சாபிக் குழந்தை மெய்யெழுத்தைப் பார்த்துத் தொனியைப் படிக்கிறது.

கற்பவரைத் திணறவைக்கும் இடம் இனிமேல்தான். ஹொக்கியனில் ஒரு சொல் தனியாக நிற்கும்போது ஒரு தொனி. பின்னால் இன்னொரு சொல் வந்து ஒட்டிக்கொண்டால் வேறு தொனி. சொற்கூட்டத்தின் கடைசி அசை மட்டும் தன் சொந்தத் தொனியில் நிற்கும். முன்னால் நிற்பவை எல்லாம் மாறிவிடும். மாறுவதற்கும் ஒழுங்கு உண்டு. நம் கௌக்களை வைத்தே பார்க்கலாம். வாய்க்காலின் தொனி தடிமனின் தொனியாக மாறும். தடிமன் ‘வந்து சேர்’ ஆகும். ‘வந்து சேர்’ நாயாகும். நாய் வாய்க்காலாகும். வட்டம் முடிந்தது. இடம்மாற்றி உட்காரும் விளையாட்டுபோல, ஒவ்வொருவரும் அடுத்தவர் இடத்துக்குப் போகிறார்கள். எந்த இடமும் காலியாக இருப்பதில்லை.

குரங்கு மட்டும் வட்டத்துக்கு வெளியே. அது மாறும்: தைவானின் தெற்கே தடிமனாகவும், வடக்கே பலர் வாயில் ‘வந்து சேர்’ ஆகவும். ஆனால் வேறு யாரும் குரங்காக மாறுவதில்லை. ஆகவே பேச்சின் நடுவில் ஏறுதொனி கேட்டால், அங்கே ஒரு சொற்கூட்டம் முடிந்துவிட்டது என்று காது குறித்துக்கொள்ளலாம். தொனி வெறும் அகராதிப் பொருளை மட்டும் சொல்லவில்லை. வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது என்பதையும் சொல்கிறது.

பெஃ-உவே-ஜி இந்த மாற்றத்தை எழுதுவதே இல்லை. நாய் எங்கே நின்றாலும் நாயின் குறியோடுதான் நிற்கும். வாய்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த எழுத்துமுறையின் பெயரையே பாருங்கள். எழுத்தில் ‘பெஃ’ உச்சியில் சட்டென்று நின்றுபோகும் அசை, ‘உவே’ நடுச்சுருதி. சொல்லும்போது இரண்டும் அடிச்சுருதிக்கு இறங்கிவிடும். ‘பெஃ’ தன் கடைசி ஒலியையும் தொலைத்துவிடும். ‘ஜி’ ஒன்றுதான் எழுதியபடி ஒலிக்கிறது. பேச்சை உள்ளபடி எழுதவென்றே பிறந்த முறை தன் பெயரைக்கூட எழுதியபடி சொல்வதில்லை.

இது குறையா? நான் அப்படி நினைக்கவில்லை. தமிழ் படிக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட உரிமையும் இல்லை. கல், தங்கம், அகல் என்ற மூன்று சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மூன்று ககரமும் மூன்று ஒலி. எழுத்து ஒன்று. எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை. கண் ‘க’ என்று பார்க்கிறது, வாய் இடம் பார்த்து ஒலிக்கிறது. வடஇந்தியர் ஒருவர் தமிழ் எழுத்தைக் கற்கத் தொடங்கும்போது இதே இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்.

ஆனால் புணர்ச்சியில் நாம் நேர்மாறாக நடக்கிறோம். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் என்று மாறியதை மாறியபடியே எழுதுகிறோம். அகராதியில் பொன்னைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அதன் பொருள் கிடைக்கும். ஹொக்கியனில் இதைச் செய்தால் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு எழுத்துவடிவம் வேண்டியிருக்கும். ஒன்று தனியாக இருக்க, ஒன்று கூட்டத்தில் இருக்க. கண்ணுக்கு ஒரு சொல் ஒரே முகத்தோடு வந்தால்தான் வேகமாகப் படிக்க முடியும். முகத்தை எழுத்து வைத்துக்கொண்டது. குரலை வாய்க்கு விட்டுவிட்டது.

இந்த முடிவு எவ்வளவு சரியானது என்பதற்குப் பினாங்கு ஒரு சாட்சி. அந்த ஊர் ஹொக்கியனில் மூன்றாம் தொனியும் ஏழாம் தொனியும் தனியாகச் சொல்லும்போது ஒன்றாகிவிட்டன. ‘வந்து சேர்’ என்பதும் தடிமனும் தனித்து நின்றால் ஒரே ஒலி. இன்னொரு சொல்லோடு சேர்த்துச் சொன்னால் இரண்டும் பிரிந்து வெவ்வேறு வழியில் போகும். தனிமையில் அடையாளம் தெரியாத இரட்டையர் கூட்டத்தில் வேறுபடுகிறார்கள். காதால் மட்டும் கேட்டு அகராதி எழுதியிருந்தால் இந்த இருவரையும் ஒரே பெயரில் பதிந்திருப்போம்.

இந்தத் தொனிமாற்ற வட்டத்தைத் தாய்மொழிக்காரர்கள் விதியாக வைத்திருக்கிறார்களா, பழக்கமாகவா? இல்லாத சொற்களைப் புதிதாகக் கட்டிக் கொடுத்து, கூட்டுச்சொல்லாகச் சேர்த்துச் சொல்லச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். சொந்தச் சொற்களில் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பிசகாதவர்கள், பொய்ச் சொற்களில் அடிக்கடி தடுமாறினார்கள். அதாவது, ஒவ்வொரு சொல்லையும் அதன் இரண்டு குரலோடும் சேர்த்தே மனத்தில் வைத்திருக்கிறார்கள்போலத் தெரிகிறது. வட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டு கணக்குப் போடும் அந்நியர், தாய்மொழிக்காரர் செய்யாத ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். பரிதாபம்தான்; அவருக்கு வேறு வழியும் இல்லை.

எழுத்துமுறையில் இன்னொரு சின்னப் பொருள் உண்டு: இணைப்புக் கோடு. சேர்ந்த அசைகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டால் முன்னசை மாறும். இரண்டு கோடு போட்டால் முன்னசை மாறாமல் தன் தொனியில் நிற்கும். பின்னால் வருவது அடங்கி, பலமில்லாமல் ஒலிக்கும். ‘அஞ்சு’, ‘சா’ என்று பொருள்படும் இரண்டு அசைகளுக்கு நடுவில் ஒரு கோடு போட்டால் சாவுக்கு அஞ்சுவது. இரண்டு கோடு போட்டால், நம் பேச்சில் சொல்வதுபோல, ‘பயத்துலயே செத்துட்டேன்.’ ‘பின்’, ‘நாள்’ இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் பிற்பாடு என்றோ ஒருநாள். இரண்டு கோட்டால் இணைத்தால் நாளை மறுநாள். கடன் வாங்கியவர் எழுதிக்கொடுத்த சீட்டில் கோட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது. நமக்கும் ‘வேலை கொடு’ என்பதற்கும் ‘வேலைக் கொடு’ என்பதற்கும் நடுவில் ஓர் ஒற்று நின்று, உத்தியோகத்தையும் முருகன் கை வேலையும் பிரிக்கிறதே.

தமிழ் நாக்கு எங்கெல்லாம் தடுக்கும்? ஹொக்கியனில் பகர ஒலி மூன்று: மூச்சில்லாத ‘ப’, மூச்சை ஊதும் ‘ப’, அதிர்வுள்ள ‘ப’. ககரமும் அப்படியே. நமக்கு ஊதும் ஒலி பழக்கமில்லை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பழகச் சொல்வார்கள், காற்று படவேண்டும். தௌக்கேயிடமும் தௌகேயிடமும் இப்போது வருவோம். முதலாளியின் முதல் எழுத்தில் மூச்சு உண்டு, பயற்றமுளையில் இல்லை. முதலாளிக்கு நடுவில் வருவது கல்லின் ககரம், பயற்றமுளைக்குத் தங்கத்தின் ககரம். தொனியும் வேறு. மலேசியத் தமிழில் இத்தனை வேறுபாட்டையும் உதறிவிட்டு ஓர் ஒற்றெழுத்தால் இருவரையும் பிரித்து வைத்திருக்கிறோம். சம்பளம் கேட்கப் போகும்போது ஒற்றை அழுத்திச் சொல்வது உசிதம்.

அடுத்தது சொல்லின் கடைசி. தமிழ்ச்சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அதனால்தான் ‘பேக்’ நம் வாயில் பேக்கு ஆகிறது, ‘கேட்’ கேட்டு ஆகிறது. ஹொக்கியனில் ஆறு, ஏழு, எட்டு, பத்து என்ற எண்களைப் பாருங்கள்: ‘லக்’, ‘சித்’, ‘பெஃ’, ‘சப்’. அந்த மொழி அனுமதிக்கும் நான்கு அடைப்பு ஒலிகளும் இந்த நான்கு எண்களின் கடைசியில் ஒன்றொன்றாக உட்கார்ந்திருக்கின்றன. நம் ஆறு, ஏழு, எட்டு, பத்து நான்கும் உகரத்தில் முடிவதை இப்போதுதான் கவனித்தேன். ‘சப்’ என்னும்போது உதடு மூட வேண்டும், மூடியபடியே இருக்க வேண்டும். திறந்தால் ‘சப்பு’ வந்துவிடும். ‘பெஃ’ என்பதில் தொண்டையே கதவைச் சாத்துகிறது. ரோமன் எழுத்தில் இதற்கு ‘ஹெச்’ போடுகிறார்கள். நான் ஆய்தத்தைப் போட்டிருக்கிறேன். முழுப் பொருத்தம் இல்லை, ஆனால் சும்மா கிடக்கும் எழுத்துக்கு ஒரு வேலை.

ஓரிடத்தில் நமக்குச் சலுகை. ஹொக்கியனில் மூக்கால் ஒலிக்கும் உயிர்கள் நிறைய. ‘மூன்று’ என்பதற்கான சொல் ‘சா’; ஆனால் மூக்கு வழியாக. எழுத்தின் வலத்தோளில் சின்னஞ்சிறு ‘என்’ ஒன்றை ஏற்றி எழுதுவார்கள். ஆங்கிலேயர் இதற்குப் பாடாய்ப்படுவார். நாமோ பேச்சில் ‘நான் வரேன்’ என்னும்போது கடைசி னகரத்தை முழுதாகச் சொல்வதில்லை. உயிரை மூக்குக்குள் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். ‘மரம்’ என்பதையும் அப்படித்தான். எழுதுவது மெய், சொல்வது மூக்குயிர். இதைத் தெரியாமலே பயிற்சி எடுத்து வைத்திருக்கிறோம்.

இந்த எழுத்துமுறை யார் கைவேலை? பொதுவாகக் கிறித்தவப் பாதிரிமார் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பாதி உண்மை. மணிலாவில் ஸ்பானியத் துறவிகள் 1620-லேயே ஹொக்கியனுக்கு இலக்கணம் எழுதி, ரோமன் எழுத்தில் தொனியைக் குறித்திருக்கிறார்கள். பிறகு வால்டர் மெட்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் மலாக்கா, பினாங்கு, பத்தேவியா என்று சுற்றி, அங்கே குடியேறியிருந்த சீனரிடம் மொழியைக் கற்று ஓர் அகராதி செய்தார். முகப்பில் 1832 என்று போட்டிருந்தாலும் மக்காவுவில் அச்சு முடிய 1837 ஆகிவிட்டது. அவர் கையில் வேறொரு புத்தகம் இருந்தது. சாங்சோவில் 1818-இல் வெளிவந்த ‘பதினைந்து ஒலி’ வகை நூல். சொல்லின் தலைமெய்களைப் பதினைந்தாகவும், எஞ்சிய பகுதியை எதுகை வரிசைகளாகவும் பிரித்து, தொனிவாரியாக அடுக்கிய நூல் அது. ஒலியைப் பகுத்துப் பார்க்கும் வேலையை ஊர்ப் புலவர்கள் முன்பே முடித்துவிட்டார்கள். பாதிரிமார் அதற்கு ரோமன் சட்டை தைத்தார்கள்.

பிறகு ஷியாமெனில் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் சட்டையைத் திருத்தினார்கள். 1873-இல் கார்ஸ்டேர்ஸ் டக்ளஸ் வெளியிட்ட அகராதி ஒரு விசித்திரம்: சீன மொழியின் அகராதி, உள்ளே ஒரு சீன எழுத்துகூடக் கிடையாது. பேச்சில் புழங்கும் பல சொற்களுக்கு எந்தச் சித்திர எழுத்து என்று படித்தவர்களுக்கே தெரியாத நிலையில், ஒலியை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய புத்தகத்தைக் கட்டினார்.

தைவானின் தைனான் நகரில் நடந்தது இன்னும் சுவையானது. 1880 வாக்கில் அங்கே ஓர் அச்சு இயந்திரம் நன்கொடையாக வந்து இறங்கியது. பிரித்து மாட்டி ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை, பெட்டியிலேயே கிடந்தது. தாமஸ் பார்க்லே என்ற பாதிரியார் விடுப்பில் ஸ்காட்லாந்து போனபோது அச்சுக்கோர்க்கக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1885 ஜூலையில் முழுக்க ரோமன் ஹொக்கியனில் ஒரு செய்தித்தாள் தொடங்கியது. இடையில் போர்க்காலத்தில் நின்றாலும், 1960களின் இறுதிவரை அந்த எழுத்திலேயே வந்தது. ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துகளைக் கற்க வருடக்கணக்கில் பள்ளிக்குப் போக வாய்ப்பில்லாத விவசாயிகளும் பெண்களும் சில வாரங்களில் இதைப் படித்துக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். வேதாகமத்தோடு நிற்கவில்லை. 1917-இல் செவிலியருக்கான மருத்துவப் பாடநூல் ஒன்று முழுவதும் இந்த எழுத்தில் வந்தது. 1920களில் நாவல்கள் வந்தன. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் சாய் பெய்-ஹுவோ என்ற சமூகப் போராளி, இந்த எழுத்தை ஊரெல்லாம் பரப்பினால் எழுத்தறியாமை ஒழியும் என்று வாதாடி, 1925-இல் அதிலேயே ஒரு கட்டுரைத் தொகுப்பும் எழுதினார்.

ஆட்சியாளர்கள் யாருக்கும் இது பிடிக்கவில்லை. ஜப்பானியருக்குப் பின் வந்த தேசியவாத அரசு மாண்டரினைத் திணித்தது. 1975-இல் ரோமன் எழுத்து விவிலியங்களைப் பறிமுதல் செய்தது. ராணுவச் சட்டம் 1987-இல் விலகிய பிறகுதான் காற்று வந்தது. 2001 முதல் தொடக்கப்பள்ளியில் வாரத்துக்கு ஒரு பாடவேளை. 2006-இல் கல்வி அமைச்சகம் பழைய முறையைக் கொஞ்சம் மாற்றி ஒரு தர எழுத்துமுறையை அறிவித்தது. தோளில் ஏறிய குட்டி ‘என்’ கீழே இறங்கி இரட்டை ‘என்’ ஆயிற்று. பழையதற்கும் புதியதற்கும் பங்காளிச் சண்டை உண்டு. ஒன்று தெரிந்தவர் மற்றதை ஒரு மதியத்தில் கற்றுவிடலாம் என்பதால் அந்தச் சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை.

சுவடிக்கூடத்தில் ஒரு தமிழ்ச் சங்கதியும் உண்டு. தமிழில் அச்சான முதல் நூல் 1554-இல் லிஸ்பனில் வெளிவந்தது. அதில் இருந்தது ரோமன் எழுத்தில் தமிழ். நமக்குச் சொந்த எழுத்து இருந்ததால் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தே அச்சேறிவிட்டது, ரோமன் தமிழுக்கு அன்று வேலை போயிற்று. இன்று கைப்பேசியில் திரும்பி வந்திருக்கிறது, ழகர ளகர பேதம் இல்லாமல், நெடில் குறில் தெரியாமல், எந்த விதிக்கும் கட்டுப்படாமல். அதைப் பார்த்த கண்ணோடு தைவானியர் எழுதும் ஒரு வரியைப் பார்த்தால், தலைக்குறி ஒன்றுகூடத் தவறாத அந்த ஒழுங்குமேல் கொஞ்சம் பொறாமையே வருகிறது.

பினாங்கில் மொழி வேறு திசையில் போயிற்று. மலாய்ச் சொற்கள் உள்ளே புகுந்தன. ‘ஆனால்’ என்பதற்கு மலாயின் தாபியையே சொல்கிறார்கள். ரகரம் இல்லாத வாயில் மலாயின் பாரு ‘பாலு’ ஆனது. இந்தியாவிலிருந்து மலாய்க்குப் போன ரொட்டி ‘லொத்தி’ ஆனது. தொனியே அறியாத மொழியிலிருந்து வந்தாலும், உள்ளே நுழைந்ததும் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி மாட்டிவிடுகிறார்கள். ஜார்ஜ் டவுனில் கருணைத்தாய் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்க, மாரியம்மன் கோயில் அடுத்த தெருவில் இருக்க, இப்படிச் சொற்கள் கைமாறாமல் இருந்தால்தான் அதிசயம். 2017-இல் பினாங்கு ஹொக்கியனிலேயே ஒரு முழுநீளத் திரைப்படத்தை சா தியோங் ஹின் எடுத்தார். ஆனாலும் அங்கே பிள்ளைகள் பள்ளியில் மாண்டரின் படிக்கிறார்கள், வீட்டிலும் அது வந்துவிட்டது. இப்போது ரோமன் எழுத்தில் ஹொக்கியனைக் கற்க உட்காருபவர்களில் அயலார் மட்டுமல்ல, பாட்டியோடு பேச விரும்பும் பேரப்பிள்ளைகளும் உண்டு.

அவர்கள் கற்கும் சொற்களில் ஒன்று ‘தே’. தலையில் கூரை போட்டது, குரங்கின் தொனி. தனியே சொன்னால் கீழிருந்து ஏறும். கடல் வழியாக ஊர் ஊராகப் போன சொல் இது. இடையில் எத்தனை துறைமுகம் மாறியிருந்தாலும் நம் தேநீரின் ‘தே’யும் இலங்கைத் தமிழர் குடிக்கும் தேத்தண்ணியின் ‘தே’யும் அங்கிருந்து வந்தவைதான். இலை என்பதற்கு ஹொக்கியனில் ‘ஹியோஃ’. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் ‘தே-ஹியோஃ’. நாம் தேயிலை என்று கட்டிய அதே கட்டுமானம். பின்னால் இலை வந்து நின்றதும் ‘தே’யின் ஏற்றம் அடங்கி, நடுச்சுருதியில் மட்டமாகிவிடும். மேலே கூரை அப்படியே இருக்கும். தைவானின் தெற்கத்திக்காரர் ஒருவர் அந்தக் கூட்டுச்சொல்லின் முதல் அசையைச் சொல்லும்போது கேட்டால், நாம் மளிகைக்கடையில் தேயிலை கேட்கும்போது சொல்லும் ‘தே’ போலவே இருக்கும்.